விளம்பர இடைவேளை

பேயின் கையில் வாட்ச் இருந்தது.

நாற்பத்தேழு வயதில், அதுவும் பட்டப்பகலில், விரலிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கையை இறக்கினான். நல்லவேளை, வீட்டில் அப்பா மட்டும்தான். அவரும் பேப்பருக்குள் இருந்தார்.

நைலெக்ஸ் புடவை. முகம் நிறையப் பவுடர். இதற்குப் பயந்துதானா சின்ன வயதில் ஒரு வருடம் முழுக்கப் பாத்ரூமுக்குத் துணை தேடினான்?

தங்கை தமயந்தி கேட்ட படம். மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறாள். நாளை இதயத்தில் வால்வு மாற்றுகிறார்கள். படுத்தே கிடந்தால் பைத்தியம் பிடிக்கிறது, அந்தப் பேயைத் தேடி அனுப்பு என்று காலையிலிருந்து நச்சரிப்பு.

யூடியூபில் எவனோ புண்ணியவான் ஏற்றியிருந்தான்.

அன்று டிவியில் போட்டபோது அவனும் தமயந்தியும் தூங்கிவிட்டார்கள். அப்பாதான் விழித்திருந்து வீடியோ டெக்கில் பதிவு செய்தார். விளம்பரம் வந்தால் பதிவை நிறுத்திவைக்கும் பாஸ் பொத்தானை அமுக்குவார். படம் வந்தால் விடுவார். கடைசி இடைவேளையில் அமுக்கியவர் விடவே இல்லை.

மிச்சக் கதையை வாயால் சொன்னார். படத்தில் வரும் நோயாளிச் சிறுமி பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாளாம்.

தமயந்தி திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. அடுத்த வாரம் அவளுக்கு இதயத்தில் முதல் ஆபரேஷன்.

"ஒரு பொத்தானை விடத் தெரியாத மனுஷன்." இன்று காலை காப்பி குடிக்கும்போதுகூட அவன் அவரைக் கிண்டலடித்தான்.

படத்தைக் கடைசிக்குத் தள்ளினான்.

வெள்ளைத் துணியைச் சிறுமியின் முகத்துக்கு மேல் இழுத்து மூடினார்கள்.

எழுந்தான். ஃபேனைக் கூட்டினான். குறைத்தான். தண்ணீர் குடித்தான். வந்து மறுபடி போட்டான்.

மறுபடியும் மூடினார்கள்.

அப்பா வெகுநேரமாக ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது.

"கிடைச்சுதா அண்ணா?"

"கிடைச்சுது பாப்பா. ஆனா இதுலயும் கடைசி இல்ல. நம்ம கேசட்டு மாதிரியே நின்னுடுது."



"சரி. அப்பாகிட்ட குடு. அவரே சொல்லட்டும்."

நீட்டினான். அப்பா அவனை ஒருமுறை பார்த்தார். அவன் ஃபேனைப் பார்த்தான்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

முப்பத்தேழு வருடமாகக் கதையில் இல்லாத ஒரு ஆட்டோ, சிறுமியை வீட்டுக்குக் கூட்டிப்போக ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பேய்தான் பேரம் பேசியதாம்.