திரைச்சீலைப் பாவாடை

"இவங்களா பேசக் கத்துக் கொடுக்கறவங்க? இன்னிக்குச் சர்க்கஸ்ல இருந்து நேரா வந்த மாதிரி இருக்காங்க!"

வகுப்பு முடியக் காத்திருந்த அம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மகளுக்காக அவர்களோடு காத்திருந்த தையல்காரியும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கை அரித்தது.

டீச்சர் போட்டிருந்தது ஜன்னல் திரைச்சீலையில் தைத்த பாவாடை. கம்பி நுழைக்கிற ஓட்டைகள்கூட இடுப்பைச் சுற்றி அப்படியே இருந்தன. பெல்ட்டுக்குப் பதில் ஒரு டை. சட்டையில் பொத்தானுக்கு ஒரு நிறம்.

"துணியோட மானத்தையே வாங்கிட்டாங்க. தனக்கே ஒழுங்கா உடுத்தத் தெரியல, பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லித் தரப் போறாங்க?" என்றாள்.

அவள் கவலை அவளுக்கு. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஊமைக்கோட்டான் என்றே பேர். கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பாள். இந்த வருஷமும் வாயைத் திறக்காவிட்டால் அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் இந்தப் பேச்சு வகுப்பு. சேர்த்து ஒரு மாசமாகியும் வாயிலிருந்து ஒரு முத்து உதிரவில்லை. இன்றோடு நிறுத்திவிடுவது என்றுதான் வந்திருந்தாள்.

கதவு திறந்ததும் டீச்சர் நேராக இவளிடம் ஓடி வந்தார்.

"உங்க பொண்ணு பேசிட்டாம்மா!"

"யாரு... எங்க பொண்ணா?"

"யாரும் கூப்பிடல. தானா முன்னாடி வந்து நின்னா. உங்க வீட்டுப் பூனை தையல் மெஷின் மேல ஏறித் தூங்குமாமே? நீங்க பெடலை மிதிச்சா எழுந்து முறைக்குமாமே? முறைச்சே காட்டினா! கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுது."

தையல்காரிக்கு நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியுங்க, எல்லாரும் என்னைக் கேலி பண்றீங்கன்னு," டீச்சர் சிரித்தார். "பிள்ளைங்க வாயைத் திறக்கணும்னா ஏதாவது ஒண்ணு வேணும்ல? அதான் தினம் ஒரு வேஷம். உங்க பொண்ணுக்கு இந்தத் திரைச்சீலைதான் வேலை செஞ்சிருக்கு!"

பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார்.

"நாளைக்குக் கொண்டு வாங்க மிஸ். இடுப்புல கொஞ்சம் பிடிச்சுத் தர்றேன், நல்லா நிக்கும்" என்றாள் தையல்காரி. நிறுத்த வந்த பேச்சே மறந்து போயிற்று.

தெருமுனை தாண்டியதும் மகளின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"ஏண்டி வாயாடி, மிஸ்ஸோட பாவாடையைப் பார்த்ததும் பேச்சு வந்துடுச்சாக்கும்?"

மகள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. அம்மாவின் கையை இழுத்துக் குனிய வைத்தாள்.

"மிஸ்கிட்ட சொல்லிடாதம்மா. எல்லாரும் அவங்க டிரஸ்ஸைக் காட்டிக் காட்டிச் சிரிச்சாங்க, பாவம். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்னுதான் எழுந்து போனேன்."