ஆயாவுக்கு வைத்த பேர்

"அந்த வார்த்தைய நான் என் வாயால சொல்ல மாட்டேன் டாக்டர். சுத்தி குழந்தைங்க இருக்காங்க."

மழலையர் வகுப்பு ஆசிரியை குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். இருந்தாலும் பல் டாக்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி. இருவருக்கும் நடுவே, என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாள் நாலு வயது மகள்.

அன்றைய பாடம், நமக்கு உதவி செய்கிறவர்களிடம் அன்பாக இருப்பது. ஆசிரியை வகுப்பு ஆயாவை நடுவில் நிற்க வைத்து, இவங்க உங்களுக்கு எவ்வளவு செய்றாங்க, ஆளுக்கு ஒரு நல்ல பேர் வெச்சு அன்பா கூப்பிடுங்க என்றிருக்கிறார். ஒரு வாண்டு 'அத்தை' என்றதாம். இன்னொன்று 'பெரியம்மா' என்றதாம். ஒரு குறும்பன் 'பிஸ்கட் அம்மா' என்று சொல்ல, ஆயாவுக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். அடுத்து டாக்டர் மகளின் முறை. அவள் வைத்த பேரைக் கேட்டு வகுப்பே கொல்லென்று சிரிக்க, ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாளாம்.

டாக்டருக்கு உடம்பு கூசியது. போன பெற்றோர் கூட்டத்தில், யாரும் கேட்காமலே மைக்கை வாங்கி, நல்ல பழக்கம் பள்ளிக்கூடத்தில் வருவதில்லை, வீட்டில்தான் வருகிறது என்று அரை மணி நேரம் வெளுத்து வாங்கியவர் அவர். வீட்டில் மகளை யாரிடமும் 'வா, போ' என்று பேச விடமாட்டார். தண்ணீர் கொடுத்தால் தேங்க்ஸ், தும்மினால் சாரி. அன்று கைதட்டிய அம்மாக்களில் இரண்டு பேர் இப்போது பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றார்கள். அவர்கள் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

"வீட்டுல இது வந்திருக்க வாய்ப்பே இல்ல மிஸ்," என்றார். "வேன்லதான் வந்திருக்கும். அந்த டிரைவர் ரோட்டுல போறவன் வர்றவனையெல்லாம் திட்டிக்கிட்டேதான் ஓட்டறான்."

வேன் டிரைவர் முடிந்து பக்கத்து வீட்டுப் பையன், அவன் முடிந்து டிவி என்று ஒருவர் பாக்கியில்லாமல் பழியைப் போட்டார். டிவி என்றதும் மனைவி பக்கம் திரும்பினார். நாள் பூரா குழந்தையோடு இருக்கிறவளுக்கு இதைக் கவனிக்கிறதை விட வேறு என்ன வேலை என்று பல்லைக் கடித்தார். பல்லைக் கடிக்கக் கூடாது என்று தினமும் ஊருக்கே சொல்லி அனுப்புகிறவர்தான்.

மனைவி குனிந்த தலை நிமிரவில்லை. உள்ளே வரும்போதே ஆயா அவள் கையைப் பிடித்துக் காதில் ஏதோ சொன்னாள். அதிலிருந்தே இப்படித்தான் இருக்கிறாள். இவளே குற்றவாளி மாதிரி உட்கார்ந்து மானத்தை வாங்குகிறாளே என்று டாக்டருக்கு எரிச்சலாக இருந்தது.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாங்க," என்றாள் அவள் மெல்ல. "இங்க வெச்சு அவள ஒண்ணும் கேக்க வேணாம்."

"பூசி மெழுகாத. எல்லாம் நீ குடுக்கிற செல்லம்."

ஆயாவைக் கூப்பிட்டார்கள். டம்ளர் கழுவிக்கொண்டிருந்த ஈரக் கையோடு வந்து நின்றாள். டாக்டர் குட்டி நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்தார்.

"மன்னிச்சிருங்கம்மா. என் பொண்ணு பேசினதுக்கு நான்தான் தலைகுனியணும்."

மனதாரத்தான் சொன்னார். ஆயா பதறிப்போனாள். பச்சைப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும், இதோடு விட்டுவிடுங்கள் என்றாள். அதை ஏனோ டாக்டரைப் பார்த்துச் சொல்லாமல் அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னாள்.

டாக்டர் விடுவதாக இல்லை. வாசலில் நிற்கும் அம்மாக்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி, ஆயாம்மாவிடம் சாரி சொல்லு என்றார். மகள் உதட்டைப் பிதுக்கினாள்.

"நான் நல்ல பேர்தானே வெச்சேன்?"

"பொய் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்கேன்ல? உண்மையச் சொல்லு, அப்பா திட்ட மாட்டேன். யாரு உனக்கு அந்த வார்த்தையச் சொல்லிக் குடுத்தது?"

"என்னங்க, வேணாங்க." மனைவி சட்டென்று எழுந்து மகளைத் தூக்கப் போனாள். டாக்டர் கையை நீட்டித் தடுத்தார். அவள் சொல்லட்டும், நாலு பேருக்குத் தெரியட்டும் என்றார்.

மகள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். இத்தனை பெரியவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவளுக்கு அழுகை முட்டியது. அதை விழுங்கிக்கொண்டு ஆசிரியையிடம் சொன்னாள்:

"ஆயாம்மா எனக்கு ஊட்டி விடுவாங்க மிஸ், வாந்தி எடுத்தா கழுவி விடுவாங்க, எங்க அம்மா மாதிரியே. அதான் எங்க அம்மா பேரையே அவங்களுக்கு வெச்சேன்... அப்பா தினமும் கூப்பிடுவாங்களே, 'சனியனே'ன்னு."