அமைதிக்கு ஆள் தேவை

பேராசிரியர் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் மனைவி பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, மூடியை அழுத்திப் பூட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் இன்னும் இரண்டு பைகள் வாய் பிளந்து கிடந்தன.

என்ன இதெல்லாம் என்று கேட்டார்.

"தீவுக்குத்தான். உங்களுக்கு அந்த இடம்னா உயிராச்சே. கடைசி நேரத்துல அலைய வேண்டாம்னு என்னோடதை முதல்ல எடுத்து வெச்சுட்டேன்" என்றாள்.

பேராசிரியர் தன் துணி அலமாரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வினை அவரே தேடிக்கொண்டதுதான். இந்தப் பல்கலைக்கழக நகரத்தைத் திட்டியே பேர் வாங்கியவர் அவர். ஹாரன் சத்தம், விடுதிப் பையன்களின் கும்மாளம், தெருவுக்குத் தெரு ஜெராக்ஸ் கடை, மனுஷன் நிம்மதியாக யோசிக்க இடம் உண்டா என்று வாராவாரம் பத்திரிகையில் புலம்புவார். ஏதாவது ஒரு தீவுக் கிராமத்தில், அலைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லாமல் வாழ்வதே தன் கனவு என்று முடிப்பார். எழுதிக் கொடுத்த கையோடு பல்கலைக்கழக வாசலில் இருக்கும் டீக்கடைக்குப் போய், கடைக்காரர் பெஞ்சைக் கவிழ்த்து வைக்கும்வரை அதையே மாணவர்களுக்கு வாயால் சொல்லுவார்.

தீவை அவர் பார்த்தது ஒரே தடவை. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் மௌனத்தின் மகிமையை விளக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் பாதியிலேயே எழுந்து, வலையைச் சுருட்டிக்கொண்டு, மரத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். பேராசிரியர் அடுத்த படகிலேயே ஊர் திரும்பினார். 'மௌனம் என்னோடு பேசியது' என்று கட்டுரை வந்தது.

அதைப் படித்தோ என்னவோ, பல்கலைக்கழகம் அதே தீவில் ஓர் ஆராய்ச்சி மையம் கட்டியது. கூடவே கிராமத்து மக்களுக்காகச் சின்னதாக ஒரு மருத்துவமனையும். மையத்துக்கு இயக்குநர் யார் என்ற பேச்சு வந்ததும் எல்லார் கையும் இவர் பக்கம்தான் நீண்டது. கரும்பு தின்னக் கூலியா என்று சக பேராசிரியர்கள் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள்.

மாட்டேன் என்று தன் வாயால் சொன்னால் இத்தனை வருஷக் கட்டுரையும் சந்தி சிரித்துவிடும். மனைவி பெட்டி கட்டிய அன்று ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்து ஒரு வழி கண்டுபிடித்தார். பழியை மனைவி தலையில் போட்டுவிட்டால் போயிற்று. அவள் பல்கலைக்கழக மருத்துவமனையில் பல் டாக்டர். பகலெல்லாம் ஊரார் வாயைத் திறக்கச் சொல்பவள். வீட்டில் திறந்தே கிடக்கும் ஒரு வாயை மூட மட்டும் அவளுக்கு வைத்தியம் தெரியவில்லை. எது சொன்னாலும் எதிர்த்துப் பேசமாட்டாள் என்பது அவருடைய தைரியம்.

மறுநாள் காலையில் துணைவேந்தர் அறைக்குப் போனார். இப்போதே படகு ஏறச் சொன்னாலும் தான் தயார், ஆனால் மனைவிக்குக் கடல் காற்றே ஆகாது, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஒருநாள்கூடத் தாங்கமாட்டாள், அழுதே கரைந்துவிடுவாள் என்று தழுதழுத்தார். துணைவேந்தர் கொஞ்சமாவது வற்புறுத்துவார், அதற்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துப் போயிருந்தார். அவர் வற்புறுத்தவே இல்லை.

"அப்ப நீங்க கண்டிப்பா போகலை. அப்படித்தானே?"

"போக வழியில்லை சார்."

"பின்னால மனசு மாறிக் கிளம்பிட மாட்டீங்களே?"

"ஒருநாளும் மாட்டேன் சார்."

துணைவேந்தர் எழுந்து வந்து இரண்டு கையாலும் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் தியாகத்தின் கனம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று பேராசிரியர் நெகிழ்ந்துபோனார்.

அன்று டீக்கடையில் மனைவிக்காகக் கனவைக் கைவிட்ட கதையைச் சொன்னார். ஒரு மாணவி மூக்கைக்கூடச் சிந்தினாள். அந்தப் பூரிப்போடு வீட்டுக்கு வந்தால் பெட்டியும் பைகளும் பூட்டிக் கட்டப்பட்டு வாசலுக்கே வந்திருந்தன.

எல்லாவற்றையும் பிரித்து வைத்துவிடு, உனக்காக நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்றார்.

"தெரியும். துணைவேந்தர் மத்தியானமே போன் பண்ணிச் சொல்லிட்டார்" என்றாள் அவள்.

அப்புறம் என்ன பெட்டி, என்ன பை என்று கேட்டார். அவள் கதவோரம் உட்கார்ந்து செருப்பின் வாரை மாட்டியபடியே விவரம் சொன்னாள். தீவு மருத்துவமனைக்குப் பல் டாக்டர் வேண்டுமாம். போன மாதத்திலிருந்தே அவளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அவள்தான் பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தாளாம். இன்றைக்குச் சரி சொல்லிவிட்டாள். சாயங்காலப் படகுக்குக் கிளம்புகிறாள். வலிக்கவே வலிக்காது என்று நோயாளியிடம் சொல்லும் அதே குரலில்தான் இதையும் சொன்னாள்.

பேராசிரியர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்டது பேராசிரியர் குரலில் இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே. அத்துவானத் தீவுல, ஒத்தையில... எந்த தைரியத்துல சரின்னு சொன்ன?"

அவள் எழுந்து, அவரைப் பெட்டியின் மேலிருந்து மெதுவாக நகர்த்திவிட்டு அதைத் தூக்கிக்கொண்டாள்.

"நீங்க வரமாட்டீங்கன்னு உறுதியான தைரியத்துலதான்."