குழாயடியிலிருந்து பதினாறு தப்படி

நகரத்தின் பழைய தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில், நிரம்பிய வாளியும் பிரஷுமாக நிற்கிறாள் தையல்காரி. வருஷம் தவறாமல் தங்கையின் கல்லறையைக் கழுவ வருபவளுக்கு இன்று கல்லறையையே காணவில்லை. சவரம் செய்த முகம்போல் வழவழவென்று புல்தரை. பிடுங்கிய கற்களெல்லாம் தண்டனை வாங்கிய பிள்ளைகள்போல மதிலோரம் வரிசையாக நிற்கின்றன. கோபுரத்தைப் பார்க்க வந்தவர்கள் அவற்றின் முன்னால் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். "என் தங்கச்சி எங்கய்யா?" என்கிறாள். மேற்பார்வையாளர் சாவிக்கொத்தைச் சுழற்றுகிறார். "அதோ, கடைசியிலேருந்து மூணாவது கல்லும்மா. வர்றவங்க பாக்க அழகா இருக்கட்டும்னு எடுத்து வச்சோம்." "நான் கல்லைக் கேக்கல. தங்கச்சியக் கேட்டேன்." அவர் மறுபடியும் மதிலோரத்தையே காட்டுகிறார். அவள் விறுவிறுவென்று குழாயடிக்குத் திரும்புகிறாள். பதினோரு வருஷம் வாளி தூக்கிய கால்களுக்கு வழி மறக்கவில்லை: நேராகப் பன்னிரண்டு தப்படி, வலப்பக்கம் நான்கு. தண்ணீர் தளும்பிப் பாதத்தை நனைக்கிறது. பதினாறாவது தப்படியில், பெயிண்ட் வாசனை போகாத ஒரு பெஞ்சு. கால்மேல் கால் போட்டுக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார் ஒருவர். "எந்திரிங்க." "ஏம்மா, அங்க எவ்வளவு இடம் கெடக்கு?" "எந்திரிங்கன்னா எந்திரிங்க! என் தங்கச்சி மேல உக்காந்திருக்கீங்க."