கிணற்றடிச் சாட்சி

"உனக்குக் கடன் கெடையாது சென்னப்பா. கமிட்டியில முடிவு பண்ணியாச்சு."

கூட்டுறவுச் சங்கக் காரியதரிசி நாராயணப்பன் அடித்துச் சொன்னதும் சென்னப்பனுக்குக் கிணற்று நினைப்புதான் வந்தது. கொல்லையில் கிணறு பாதி வெட்டியபடி கிடக்கிறது. கூலி தர முடியாமல் ஆட்கள் கடப்பாரையோடு கிளம்பிப் போய்விட்டார்கள். தண்ணீர் வராவிட்டால் இந்த வருஷமும் கேழ்வரகு கருகியதுதான்.

"போன தடவ வாங்கினத வாய்தாவுக்கு முன்னாடியே கட்டினேனுங்களே!"

"அது பழைய கதை. இப்ப, ஆளு நாணயமானவனான்னு ஊருக்குள்ள ரகசியமா விசாரிக்கறோம். உன் பேரு சரியில்லப்பா."

"என்னதான் சொன்னாங்க?"

"தலைக்கு மேல கடனாம். வாங்கினா திருப்பித் தர்ற பழக்கமே இல்லையாம். சீட்டாட்டம் வேறயாம்."

சீட்டாட்டமா! சீட்டுக்கட்டைக் கையால்கூடத் தொட்டதில்லை அவன்.

"இது அநியாயங்க. என்னயும் ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"கடன் கேக்கறவன் தன்னப் பத்திக் கெட்டதாவா சொல்லுவான்?"

"சொன்னது யாரு? அதயாவது சொல்லுங்க."

"சொல்லக் கூடாது." அவன் கண்கலங்கியதைப் பார்த்து நாராயணப்பன் குரலைத் தாழ்த்தினார். "பொதுக் கிணத்துல தண்ணி எடுத்துட்டிருந்த ஒரு பொம்பள. பேரு எங்க ஆளுக்கே தெரியாது. அவரு பெங்களூர்ப் பக்கம், ஊருக்குப் புதுசு."

பேர் வேறு வேண்டுமா? பக்கத்துக் கொல்லை வெள்ளையம்மாதான். வரப்புத் தகராறை மனதில் வைத்துக்கொண்டு பழிதீர்த்துவிட்டாள். ராயக்கோட்டை வண்டிப்பாதை நெடுக அவளைத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான்.

வாசலில் மனைவி காவேரி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வெள்ளையம்மா நம்ம குடியக் கெடுத்துட்டா காவேரி! நான் கடன்காரனாம், சீட்டாடறேனாம். சொசைட்டி ஆளுகிட்ட கிணத்தடியில வெச்சே சொல்லியிருக்கா. கடன் போச்சு!"

அவள் புடைப்பதை நிறுத்தினாள்.

"நம்ம பொண்ணப் பத்தி பெங்களூர்ப் பக்கத்து ஆனேக்கல்லேருந்து மாப்பிள்ள வீட்டுக்காரங்க விசாரிக்க வர்ற நேரம் இது. அவங்க காதுல விழுந்தா சம்பந்தமும் போச்சு. இன்னிக்கு அவள உண்டு இல்லன்னு பண்ணிடறேன்!"

முறம் கைநழுவி விழுந்தது. காவேரி ஓடிவந்து வழியை மறித்தாள்.

"அவள ஒண்ணும் கேக்காதீங்க. வந்த ஆளு கன்னடம் கலந்து பேசறவரா?"

"பெங்களூர்ப் பக்கத்து ஆளு, வேற எப்படிப் பேசுவான்? அது உனக்கெப்படித் தெரியும்?"

காவேரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனேக்கல்காரங்கதான் வந்துட்டாங்கன்னு நெனச்சிட்டேங்க. அந்தச் சம்பந்தம் முறிஞ்சா பொண்ணு எங்க அண்ணன் மகனுக்கே ஆயிடும்னு, பக்கத்து வீட்டுக்காரி மாதிரி நின்னு, சீட்டாட்டம் வரைக்கும் நான்தாங்க சொன்னேன்."