சர்வர் ஏற்காத பெயர்

“மறுபடியும் எடுக்க மாட்டேங்குதுங்க சார்” என்றாள் அதியா, போனில்.

அந்தக் குரலைக் கேட்டதும் முனீர் அகமது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். சர்வர் கோளாறு அதற்குப் பாதிக் காரணம்தான்.

போன வெள்ளிக்கிழமை அவன் அம்மா பழமும் பூவும் எடுத்துக்கொண்டு தளிக்குப் பஸ் ஏறி, அதியாவைப் பெண் கேட்டுவிட்டு வந்திருந்தாள். அதியாவின் அப்பா லால் பாஷா தங்கமான மனிதர். டீ கொடுத்து, முகம் கோணாமல் பேசி, பெண் சம்மதம் சொல்லட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்.

பெண் இன்னும் வாய் திறக்கவில்லை.

இருவருக்கும் ஒரே கம்பெனி. அவள் பர்சேஸில், இவன் கம்ப்யூட்டர் அறையில். தினமும் எதிரே வருகிறாள், தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறாள். கேட்டுவிடலாம்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு கேண்டீனில் உட்காருவது?

கம்பெனி முழுக்க இன்டர்நெட்டுக்கு ஒரே ஒரு டெலிபோன் லைன். ஒருவர் திறந்த பக்கத்தைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்தவர் கேட்டால் அதையே எடுத்துக் கொடுக்க முனீர் ஒரு சர்வரை வைத்திருந்தான். ஷிப்டுக்கு ஷிப்டு கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தே லைனை அடைத்தார்கள். பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் போன மாதம் அதற்குப் பூட்டும் போட்டான். பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால்தான் வழி.

பெயர் என்றால் இனிஷியலோடு. இரண்டு ரங்கம்மா, மூன்று நாராயணப்பன் உள்ள கம்பெனியில் வேறு எப்படி ஆள் பிரிப்பது?

“யாரு எந்தப் பேரைத் தட்டுனாலும் சரி, தப்பாவே தட்டுனாலும் சரி, என்னோட லாக்ல, அதாவது சர்வர் எழுதிவைக்கிற பதிவுல, விழுந்துடும்” என்று எல்லோரையும் கூட்டிவைத்து மார்தட்டிக்கொண்டான். ஸ்கோர் கோஷ்டி வெலவெலத்துப் போனது. அதியா மட்டும் சிரித்தாள்.

பூட்டுப் போட்ட நாளிலிருந்து அவன் பாடுதான் திண்டாட்டம். ஒருவர் கேப்ஸ் லாக்கை அமுக்கிவைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தார். ஒரு நாராயணப்பன் பாஸ்வேர்டை மறந்துவிட்டு, மறதி சர்வருக்குத்தான் என்று சாதித்தார். ஸ்டோர்ஸ் கெம்பம்மா கல்யாண லீவு முடிந்து வந்து, பழக்கமான அப்பா இனிஷியலை விட்டுவிட்டு வீட்டுக்காரர் இனிஷியலைத் தட்டிக்கொண்டு அழாத குறையாக நின்றாள். எல்லாவற்றையும் சரிசெய்தான்.

அதியாவின் கோளாறுதான் பிடிபடவில்லை.

காலையில் அவள் மேஜைக்கு ஓடினான். அவள் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். பெயரை அவனே தட்டினான். பாஸ்வேர்டை மட்டும் அவளைத் தட்டச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சமர்த்தாகத் திறந்தது. தன் அறைக்கு வந்து சேர்வதற்குள் போன் அடித்தது.

பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தான். வயரைப் பிடுங்கிச் செருகினான். சர்வரையே ஒருமுறை நிறுத்திப் போட்டு, கம்பெனி மொத்தத்திடமும் திட்டு வாங்கினான். பெயரை அவன் தட்டினால் திறக்கிறது. அவள் தட்டினால் மாட்டேன் என்கிறது.

மத்தியானத்துக்கு மேல் அவனுக்கு ஒரு சந்தேகம் முளைத்தது. பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் இப்படி அலைக்கழிக்கிறாளோ? அந்த நினைப்பிலேயே மனசு ஒடிந்துவிட்டது. டீ வந்தது, ஆறியது, அப்படியே திரும்பிப் போனது.

சாயங்காலம் ஷிப்டு பஸ் கிளம்பும் நேரத்தில் மறுபடியும் போன்.

“காலைல இருந்து என்னென்னமோ பாக்கறீங்க. லாக்கை மட்டும் பாக்க மாட்டீங்களா?”

டக்கென்று வைத்துவிட்டாள். இந்தத் தடவை சார் இல்லை.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த மனிதன் லாக்கைத் திறந்தான்.

பர்சேஸ் கம்ப்யூட்டர், மறுக்கப்பட்டது. பர்சேஸ் கம்ப்யூட்டர், மறுக்கப்பட்டது. காலையிலிருந்து வரிசையாக விழுந்திருந்தது. ஒவ்வொரு வரியிலும் ஒரே பெயர். சர்வர் பாஸ்வேர்டு வரைக்கும் போகவே இல்லை. அப்படி ஒரு ஆளே இங்கே கிடையாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தது.

எம். அதியா.

லால் பாஷாவின் மகளுக்கு எம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷம் விழித்தான் முனீர். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டான். துடைத்த பிறகும் எழுத்து கலங்கலாகத்தான் தெரிந்தது.

அந்தப் பெயரை, கடைசியாக மாற்றிக் கொடுத்த பாஸ்வேர்டோடு, புதிதாகச் சேர்த்தான். எல். அதியாவை அழிக்கவில்லை. அது அவள் அப்பா கொடுத்தது, எடுத்துவிட இவன் யார்?

பர்சேஸுக்குப் போன் போட்டான்.

“இப்ப போட்டுப் பாரு” என்றான். பாருங்க என்று சொல்லத்தான் நினைத்தான்.

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் லாக்கில் புது வரி ஒன்று விழுந்தது. அனுமதி.

“எடுத்துக்கிச்சுங்க” என்றாள் மெல்ல.

வெளியே ஷிப்டு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. இருவரும் போனை வைக்கவில்லை.