வாங்கினவன் எவன்?

“இருந்த காலும் போயிடுச்சுங்க” என்றார் மாயவன்.

தாலுகா அலுவலக உதவியாளர் கண்ணாயிரம் மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கரும்பு பிழியும் எந்திரத்தில் இடக்காலை இழந்த அம்மனிதரின் வலக்கால், முழங்கால்வரை புழுதி படிந்து, தரையில் ஊன்றி நின்றது.

“அப்ப இது இன்னா, முருங்கக்காயா?”

அலுவலகமே சிரித்தது.

“நெலம் எவ்ளோன்னு கேட்டீங்களே, அதச் சொன்னேங்க. கால் காணி இருந்திச்சு. ஆசுபத்திரி செலவுக்கு அதயும் வித்துட்டேன்.”

சிரிப்பு அடங்கியது. தாம் கேட்ட வினாவுக்கு வந்த விடையைத் தாமே விளங்கிக்கொள்ளாதவருக்கு வரும் சினம் பெரிது. கண்ணாயிரத்துக்கும் அது வந்தது. மாமனார் ஊரிலிருந்து வந்திருந்த அவித்த மல்லாட்டைக் கடலையில் ஒன்றை உரித்து வாயிலிட்டுக்கொண்டு சட்டம் பேசத் தொடங்கினார்.

“ஊனமுற்றோர் உதவித்தொகை யாருக்கு? நெலமும் இல்லாம வருமானமும் இல்லாம கெடக்கறவனுக்கு. பட்டா இன்னும் உன் பேர்லதான கீது? அப்ப வெளைச்சலும் உன்னுதுதான். மனு தள்ளுபடி. போ!”

“வெளைச்சல்ல ஒரு புடி எனக்கு வர்றதில்லீங்க. வாங்கினவங்கதான் பயிர் வெக்கிறாங்க. வூட்டுக்காரி கூலிக்குப் போயிதான் கஞ்சி. எடஒதுக்கீடு போராட்டம் வந்து அந்த வேலயும் நின்னுடுச்சு. ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டுக்கீறாங்க, பஸ்சு இல்ல. மூங்கில்துறைப்பட்டுலேர்ந்து கட்டய ஊனிக்கினு நடந்தே வந்தேங்க.”

“ஊரே சலுகை கேட்டு ரோட்டுல குந்திக்கினு கீது. நீ தனியா இங்க வந்து கேக்கறியா?”

மாயவன் தலைகுனிந்தார். அக்குனிவைக் குற்ற ஒப்புதலாகவே கொண்ட கண்ணாயிரத்துக்கு நீதிபதியின் குரல் வாய்த்தது.

“வித்தது நெசம்னா வாங்கினவன் ஏன் பட்டா மாத்தல? நெலத்த அமுக்கிக்கினு, பேர மட்டும் ஒரு நொண்டி தலையில கட்டி வெச்சிகீறானே, அவன் எவ்ளோ பெரிய களவாணியா இருக்கணும்! ‘நான்தான் வாங்கினேன்’னு அவன வந்து எழுதிக் குடுக்கச் சொல்லு. இன்னிக்கே உனக்கு உதவித்தொகைக்கு எழுதறேன். யார்ரா அவன்? பயப்படாம சொல்லு!”

எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன. அந்தக் குரல் கேட்டு வட்டாட்சியரே தம் அறைவாசலுக்கு வந்துவிட்டார்.

மாயவன் ஊன்றுகோலை அக்குளில் இடுக்கியவாறு கைகூப்பினார்.

“உங்க மாமனாருங்க. ‘மருமவப்புள்ளைக்குத்தான் வாங்கறேன், அவரு கெவுர்மெண்டு ஆளு, பட்டாவ இப்ப மாத்த வேணாம்’னாரு.”